ஹேஸ்டிங்ஸ் தெரு எங்கே போனது? டெட்ராய்ட் பிளாக் பாட்டத்தின் இசைத்தடத்தை வரைபடத்தில் வைப்பது பற்றி

வேம்படி (கேள்வி)

டெட்ராய்ட் நகரத்தின் பழைய கறுப்பினக் குடியிருப்புகளான பிளாக் பாட்டம், பாரடைஸ் வேலி பற்றித் தமிழில் 40 நிமிட ஒலி நிகழ்ச்சி ஒன்று தயாராகிறது. இரண்டையும் இணைத்த கடைவீதி ஹேஸ்டிங்ஸ் தெரு. நிகழ்ச்சிக்கு அடித்தளமாக எடுத்திருப்பது பியானோக்காரர் டெட்ராய்ட் கவுன்ட் 1948இல் பதிவு செய்த ‘ஹேஸ்டிங்ஸ் ஸ்ட்ரீட் ஆபரா’ என்ற இசைத்தட்டு. பியானோவை வாசித்தபடியே அந்தத் தெருவின் பார்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, ஒவ்வொன்றையும் ஒரு வாரு வாரிவிட்டு அடுத்ததற்குப் போகிறார். தட்டின் இரண்டு பக்கமும் இதேதான். அந்தப் பெயர்களை இன்றைய வரைபடத்தில் புள்ளியாக வைக்க வேண்டும்.

முட்டுகிற இடங்கள் இவை. இணைய வரைபடத்தில் ஹேஸ்டிங்ஸ் என்று தேடினால் நகர மையத்திலிருந்து வெகு வடக்கே ஒரு குட்டித் தெரு வருகிறது, அங்கே எதுவுமே பொருந்தவில்லை. 1920க்கு முந்தைய கதவு எண்களும் பிந்தையவையும் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. அடுத்து, அந்தக் காலத்து 78 தட்டு (நிமிடத்துக்குச் சுமார் 78 சுற்று ஓடுவது) ஒன்றை டிஜிட்டலாக மாற்ற வேண்டியிருக்கிறது, எந்த ஊசி, என்ன வேகம்? ப்ளூஸ் பாடகர் ஜான் லீ ஹூக்கரின் ‘பூகி சில்லன்’ பாட்டின் பாணியை ஒரு கிட்டார்க்காரர் நேரில் வாசித்துக் காட்டப்போகிறார், அவருக்கு என்ன சுருதி சொல்வது?

நிலஅளவை (மறுமொழி)

நீங்கள் பார்த்த குட்டித் தெரு, ஹேஸ்டிங்ஸின் வால் துண்டு. கிராண்ட் பூல்வார்ட் பக்கம் அது மட்டும் தப்பியிருக்கிறது. உங்களுக்கு வேண்டிய பகுதி அதற்குத் தெற்கே, ஆற்றிலிருந்து நேர் வடக்காக ஏறி வந்தது. கதவு எண் ஆற்றுப் பக்கம் சிறியதாகத் தொடங்கி வடக்கே போகப் போகக் கூடும். இது பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது. ஜோ வான் பேட்டிலின் இசைத்தட்டுக் கடை 3530 ஹேஸ்டிங்ஸ், அதாவது மாக் அவென்யூ அருகில். பாடகி அரேதா ஃபிராங்க்ளினின் தந்தை சி. எல். ஃபிராங்க்ளின் ஊழியம் செய்த நியூ பெத்தேல் பாப்டிஸ்ட் தேவாலயம் 4210, வில்லிஸ் தெரு முனை. இன்னும் வடக்கே ஃபாரஸ்ட் அவென்யூ முனையில் ஃபாரஸ்ட் கிளப். இந்த மூன்றையும் முதலில் ஆணி அடித்துவிட்டு, மற்றப் பெயர்களை இவற்றுக்கு முன்னே பின்னே நிரப்புங்கள்.

கிரேஷியட் அவென்யூவை எல்லையாக வைத்துக்கொள்வது வழக்கம். அதற்குத் தெற்கே பிளாக் பாட்டம், வடக்கே பாரடைஸ் வேலி. எழுதுகிறவர்களில் பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான். “ஹேஸ்டிங்ஸ் தெருவை ஐ-375 விழுங்கியது” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஐ-375 என்ற விரைவுச்சாலை சுமார் ஒரு மைல் நீளம்தான், அது விழுங்கியது தெற்குப் பகுதியை. மேலே சொன்ன கடை, தேவாலயம், கிளப் மூன்றும் ஐ-75இன் கிரைஸ்லர் விரைவுச்சாலைக்குள் போனவை. நிகழ்ச்சியில் “ஐ-375க்கு அடியில் ஜோவின் கடை” என்று சொன்னால் அது பிழை.

“அடியில்” என்ற சொல்லும் பிழை. இரண்டு சாலைகளும் அந்த இடத்தில் தரைமட்டத்துக்குக் கீழே தோண்டிப் போட்ட பள்ளச் சாலைகள். ஹேஸ்டிங்ஸின் நடைபாதை இருந்த மட்டத்தில் இன்று மண்ணே கிடையாது. ஜோவின் கடைத் தளம் எங்கே என்று கேட்டால், ஓடுகிற கார்களின் கூரைக்கு மேலே உள்ள வெற்று வெளியைத்தான் காட்ட வேண்டும். அகழாய்வு செய்து எடுக்கக்கூட அங்கே எதுவும் மிச்சமில்லை. அதனால்தான் தாளிலும் தட்டிலும் உள்ள சான்று இந்தத் தெருவுக்கு இவ்வளவு முக்கியம்.

கதவு எண் சிக்கலுக்கு வருகிறேன். 1921 ஜனவரி 1 முதல் டெட்ராய்ட் முழுக்கப் புது எண். அதற்கு முந்தைய எந்த முகவரியையும் இன்றைய எண் வரிசையில் தேடாதீர்கள். உங்கள் தட்டு 1948 என்பதால் புது எண்ணே போதும். 1910களுக்குப் போனால் மட்டும், அந்தக் காலத்துத் தீக்காப்பீட்டு வரைபடத்தில் குறுக்குத் தெருவை வைத்து மனையைப் பிடியுங்கள், எண்ணை நம்ப வேண்டாம்.

இனி வேலை வரிசை. சான்பார்ன் நிறுவனத்தின் தீக்காப்பீட்டு வரைபடம்தான் அடிப்படை. ஓர் அங்குலத்துக்கு 50 அடி என்ற அளவு, ஒவ்வொரு கட்டடமும் தனித்தனியாகத் தெரியும். இளஞ்சிவப்பு செங்கல் கட்டடம், மஞ்சள் மரச் சட்டக் கட்டடம். ‘எஸ்’ எழுத்து கடை, ‘டி’ குடியிருப்பு, பக்கத்து எண் மாடி எண்ணிக்கை. எச்சரிக்கை ஒன்று: இந்த வரைபடங்களைப் புதிதாக அச்சடிக்காமல், மாறிய கட்டடத்துக்கு மேலே சின்னத் தாள் ஒட்டித் திருத்துவார்கள். அட்டையில் 1921 என்று இருக்கும், உள்ளே ஒட்டுத்தாள் 1950 வரை வந்திருக்கும். திருத்தத் தேதி எழுதிய பக்கத்தைப் பார்க்காமல் ஆண்டு சொல்லாதீர்கள்.

அதற்கு மேலே வான்படம். வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகம் டெட்ராய்ட்டின் பழைய வான்படங்களை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. 1949, 1952, 1956, 1961 என்று நான்கையும் அடுக்கினால் தெரு கரைவதை ஆண்டுவாரியாகப் பார்க்கலாம். க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் இவற்றைப் பொருத்தும்போது குறைந்தது ஆறு கட்டுப்பாட்டுப் புள்ளி (பழைய படத்திலும் இன்றைய வரைபடத்திலும் ஒன்றாக இருக்கிற இடம்) வையுங்கள். மூன்று வைத்தாலும் கணக்கு ஓடும், ஆனால் எந்தப் புள்ளி தப்பு என்று தெரியாது. சாலை ஓரத்தைப் புள்ளியாக எடுக்கக் கூடாது, பல சாலைகள் பின்னால் அகலமாகிவிட்டன. இன்றும் நிற்கிற கட்டடங்களின் மூலைகளை எடுங்கள்: மன்ரோ தெருவில் செகண்ட் பாப்டிஸ்ட் தேவாலயம், கிரேஷியட்டுக்குப் பக்கத்தில் செயின்ட் ஜோசப், எலியட் தெருவில் சேக்ரட் ஹார்ட். கடைசியாகச் சொன்னது விரைவுச்சாலைக்கு ஒட்டினாற்போல் இருப்பதால், ஜோவின் கடையைக் குறிப்பதற்கு அதைவிட நல்ல புள்ளி கிடையாது.

பார்களின் பெயருக்கு போல்க் நகர விவரப் புத்தகத்தின் தெருவாரிப் பகுதி. கதவு எண் வரிசையில் கடைகள் வரும், நடுநடுவே குறுக்குத் தெருவின் பெயர் வரும். சிக்கல் என்னவென்றால், ஊர் வாயில் ஒரு பெயர், புத்தகத்தில் உரிமையாளர் பெயர். தட்டில் கேட்ட பெயர் புத்தகத்தில் இல்லை என்றால் அந்தக் கடை இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ‘டெட்ராய்ட் ட்ரிப்யூன்’, ‘மிச்சிகன் கிரானிக்கிள்’ என்ற கறுப்பின வார ஏடுகளின் விளம்பரங்களில் கடைப் பெயரும் முகவரியும் சேர்ந்தே இருக்கும், அங்கே ஒப்பிடுங்கள். விவரப் புத்தகம் வெளிவராத ஆண்டுகளுக்குத் தொலைபேசிப் புத்தகம்.

கடைசியாக 1950 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 72 ஆண்டு விதிப்படி 2022 ஏப்ரல் 1 அன்று திறந்தார்கள். இடிப்பு தொடங்கிய அதே ஆண்டின் ஏப்ரலில் எடுத்த கணக்கு அது, இதைவிட நெருக்கமான சான்று கிடைக்காது. பெயரை வைத்துத் தேடாதீர்கள், கையெழுத்தைக் கணினி படித்த பட்டியல் பிழை மலிந்தது. முகவரியை வைத்துக் கணக்கெடுப்பு வட்ட எண்ணைக் கண்டுபிடித்து, பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். ஒரு தாளுக்கு 30 வரி, தெருவின் பெயர் இடது ஓரத்தில் செங்குத்தாக எழுதியிருக்கும். முதல் தடவை வீட்டில் இல்லாதவர்களை 71ஆம் தாளிலிருந்து தனியாக எழுதினார்கள். இரவு முழுக்க வாசித்துவிட்டுப் பகலில் வீட்டில் கிடைக்காத இசைக்காரர்கள் அங்கே இருக்க வாய்ப்பு அதிகம், அதைத் தவறவிடாதீர்கள்.

மேற்குவாசல் (மறுமொழி)

நிகழ்ச்சியில் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனம் வரப்போகிறது என்றால் ஒரு திருத்தம் முன்கூட்டியே. மோட்டவுன் ஹேஸ்டிங்ஸில் பிறக்கவில்லை. 1959இல் அது தொடங்கிய வீடு மேற்கு கிராண்ட் பூல்வார்டில் இருக்கிறது. தொடர்பு வேறு வழியில் வருகிறது: அதை நிறுவிய பெர்ரி கோர்டியின் அப்பா நடத்திய ‘புக்கர் டி. வாஷிங்டன்’ மளிகைக்கடை செயின்ட் அன்டுவான், ஃபார்ன்ஸ்வொர்த் தெருக்கள் கூடுமிடத்தில் இருந்தது. மோட்டவுனின் சுப்ரீம்ஸ் பாடகிகள் குழுவின் டயானா ராஸ், மேரி வில்சன், ஃபுளாரன்ஸ் பாலர்டு மூவரும் ஹேஸ்டிங்ஸுக்குப் பக்கத்து ப்ரூஸ்டர்–டக்ளஸ் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர்கள்.

பாரடைஸ் தியேட்டரும் பெயரால் ஏமாற்றும். உட்வர்ட் அவென்யூவில் 1919இல் கட்டிய ஆர்கெஸ்ட்ரா ஹால்தான் 1941 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் முதல் 1951 வரை அந்தப் பெயரில் நடந்தது. ஜாஸ் மேதைகள் எலிங்டன், பேஸி எல்லாம் வாசித்த மேடை. கட்டடம் இன்றும் நிற்கிறது, டெட்ராய்ட் சிம்பொனி அங்கே வாசிக்கிறது. பாரடைஸ் வேலியின் நடுமையமான ஆடம்ஸ்–செயின்ட் அன்டுவான் பக்கம் இப்போது ஃபோர்டு ஃபீல்டு விளையாட்டரங்கம்.

ப்ளூ பேர்ட் இன் ஜாஸ் கிளப்பையும் இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அது டயர்மன் அவென்யூவில், நகரத்தின் மேற்குப் பக்கம்.

கறுந்தட்டு (மறுமொழி)

ஹேஸ்டிங்ஸ் பெயர் தட்டில் ஏறியது 1948இல் அல்ல. சார்லி ஸ்பாண்டின் பியானோவும் பிளைண்ட் பிளேக்கின் கிட்டாரும் சேர்ந்து ‘ஹேஸ்டிங்ஸ் ஸ்ட்ரீட்’ என்ற பெயரிலேயே 1929இல் பாரமவுண்ட் தட்டு ஒன்று வந்துவிட்டது. நிகழ்ச்சியை அதில் தொடங்கி டெட்ராய்ட் கவுன்ட்டுக்கு வந்தால், ஒரே தெருவை 19 ஆண்டு இடைவெளியில் இரண்டு பியானோக்காரர்கள் கேட்கவைப்பது அமையும். கவுன்ட்டின் தட்டைப் பதிவு செய்தவர் ஜோ வான் பேட்டில். கடையின் பின்கட்டுதான் அவருக்குப் பதிவுக்கூடம், ஜேவிபி என்பது அவருடைய இசைத்தட்டு முத்திரை. 14 வயது அரேதாவை 1956இல் நியூ பெத்தேல் தேவாலயத்துக்குள்ளேயே பதிவு செய்தவரும் அவர்தான். 3530க்கும் 4210க்கும் இடையே சில குறுக்குத் தெருக்கள்தான். ப்ளூஸ் வேறு, தேவாலயப் பாட்டு வேறு என்று பிரித்து எழுதுகிற வழக்கம் இந்தத் தெருவுக்குச் செல்லாது. ஒரே ஆளின் கருவி இரண்டையும் பிடித்திருக்கிறது.

ஹூக்கரைத் தேடும்போது அவர் பெயரை மட்டும் போட்டால் பாதிதான் கிடைக்கும். ‘பூகி சில்லன்’ 1948இல் யுனைடெட் சவுண்ட் கூடத்தில் பெர்னார்ட் பெஸ்மன் பதிவு செய்து, லாஸ் ஏஞ்சலஸின் மாடர்ன் நிறுவனம் வெளியிட்டது. 1949 தொடக்கத்தில் ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) பட்டியலில் முதலிடம். மாடர்னோடு ஒப்பந்தம் இருந்ததால் மற்ற நிறுவனங்களுக்குப் பெயர் மாற்றிப் பாடினார்: கிங் தட்டில் டெக்ஸஸ் ஸ்லிம், ரீஜென்ட் தட்டில் பர்மிங்ஹாம் சாம், ஸ்டாஃப் தட்டில் ஜானி வில்லியம்ஸ். இந்தப் பெயர்களையும் போட்டுத் தேடுங்கள்.

கிட்டார்க்காரருக்கு: தந்திகளை டி, ஜி, டி, ஜி, பி, டி என்று இறக்கி, நாலாவது கட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கிற கவ்வி). பாட்டு பி சுருதியில் வரும். தந்திகளை ஏ சுருதி வரை ஏற்றி இரண்டாவது கட்டில் கேப்போ போட்டாலும் அதே சுருதிதான், ஆனால் தந்தி அறுகிற ஆபத்து அதிகம். வழக்கமான ‘12 பார்’ (12 தாளச்சுற்று) ப்ளூஸ் கணக்கை மறந்துவிடச் சொல்லுங்கள். நாண் (கோர்டு) மாறாது, ஒரே இடத்தில் நின்று அதிர்கிற பாட்டு அது, வரி முடிவதும் சமமாக முடியாது. தாளத்துக்கு மெட்ரோனோம் ஓடவிட்டால் செத்துப்போகும். காலுக்கு அடியில் மரப்பலகை ஒன்றைப் போட்டு, அதற்குத் தனி மைக் வையுங்கள், மூலப் பதிவில் செய்ததும் அதுதான். ரப்பர் செருப்பு வேண்டாம். கடினமான அடிப்பாகம் உள்ள ஷூ பலகையில் விழுகிற அந்த ‘டக்’தான் பாதிப் பாட்டு.

இனி 78 தட்டு. எல்பி (பிற்கால வினைல் தட்டு) ஊசியைப் போடவே கூடாது. அது பள்ளத்தின் அடிவரை இறங்கி அங்கே சேர்ந்திருக்கும் அழுக்கைத்தான் படிக்கும். 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) ஊசி, எடை 3 முதல் 5 கிராம். தட்டு தேய்ந்திருந்தால் 2.5, 3.5 இரண்டையும் போட்டுப் பாருங்கள். தேய்மானம் பள்ளச் சுவரில் ஒரு குறிப்பிட்ட உயரத்தில்தான் இருக்கும், அதற்கு மேலோ கீழோ உரசுகிற ஊசி சுத்தமாகப் படிக்கும். கழுவுவதற்கு வடித்த தண்ணீரில் சில சொட்டு பாத்திர சோப்பு. ஸ்பிரிட் கலந்த எந்தத் திரவமும் தட்டில் உள்ள ஷெல்லாக் அரக்கைக் கரைத்துவிடும். எல்பிக்கு விற்கிற கழுவு திரவங்கள் பலவற்றில் அது உண்டு, அட்டையைப் படியுங்கள். லேபிளை நனைக்காதீர்கள்.

வேகத்தில் நம் ஊருக்கென்று ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், 92 கோடு போட்ட சுழல்காட்டித் தட்டு (வேகத்தைச் சரிபார்க்கச் சுழல்மேடையில் வைப்பது) அங்கே 78.26 சுற்றில் நின்றதுபோல் தெரியும். இங்கே 50 ஹெர்ட்ஸ் விளக்கின் கீழ் 77 கோடு தட்டு 77.92 சுற்றில் நிற்கும். இதை வைத்துச் சரிசெய்தால் சுமார் 7.5 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) சுருதி குறையும். தனியாகக் கேட்டால் தெரியாது, நேரில் வாசிக்கிற கிட்டாரோடு அடுத்தடுத்து வரும்போது நெருடும். ஹூக்கரின் கிட்டார் சுருதியை வைத்து வேகத்தைத் திருத்தவும் முயலாதீர்கள், அது இன்றைய பொதுச் சுருதியான ஏ-440க்கு ஒத்திருந்தது என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. பழைய பதிவின் பின்னணியில் 60 ஹெர்ட்ஸ் மின்முனகல் கேட்டால் அதை அளவுகோலாக வையுங்கள். 50இல் ஒன்று தெரிந்தால் அது உங்கள் வீட்டு மின்சாரம், அதைத் தொட வேண்டாம்.

ப்ரீஆம்பில் (முன்பெருக்கி) உள்ள ஆர்ஐஏஏ சமன் (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளின் அளவைத் திருத்துவது) 1954இல் வந்தது, 1948 தட்டுக்குப் பொருந்தாது. சமன் செய்யாமல் பதிந்து, பிறகு கணினியில் 500 ஹெர்ட்ஸ் பாஸ் திருப்பம், 10 கிலோஹெர்ட்ஸில் 12 முதல் 16 டெசிபல் குறைப்பு என்று தொடங்கிக் காதால் திருத்துங்கள். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பு. தட்டு மோனோதான், ஆனாலும் இரண்டு தடமாகப் பதியுங்கள். பெரும்பாலும் பள்ளத்தின் ஒரு சுவர் மற்றதைவிட நன்றாக இருக்கும்.

லேபிளைப் படமெடுக்கும்போது, ஓடி முடிகிற மொட்டைப் பகுதியில் கீறியிருக்கும் அச்சு எண்ணையும் சாய்ந்த வெளிச்சத்தில் படமெடுங்கள். ஒரே பதிவை வேறு நிறுவனம் மறுபடி வெளியிட்டதா என்று அந்த எண்தான் சொல்லும்.

கல்லறைத்தோட்டம் (மறுமொழி)

முறைகள் எல்லாம் சரி. உரை எழுதும்போது ஒரு சொல்லைக் கவனியுங்கள். நகர ஆவணங்கள் முழுக்க “சேரி” என்றே இருக்கும். அதை அப்படியே மொழிபெயர்த்து வாசித்தால், இடித்தவர்களின் வாக்குமூலத்தையே நீங்களும் வாசிக்கிறீர்கள். வீடுகள் பழுதாக இருந்தது உண்மை. ஏன் பழுதானது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். டெட்ராய்ட்டின் கறுப்பின மக்கள்தொகை 1910இல் 5,741, 1920இல் 40,838, 1930இல் 1,20,066. மற்ற வட்டாரங்களில் “கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது” என்று கிரயப் பத்திரத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். நீதிமன்றம் இனி அதைச் செயல்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது 1948இல்தான், அந்தத் தீர்ப்பில் டெட்ராய்ட்டின் மெக்கீ குடும்ப வழக்கும் ஒன்று. வேறெங்கும் போக முடியாதவர்களை ஒரே இடத்தில் அடைத்து, வாடகையையும் ஏற்றி, பழுதும் பார்க்காமல் விட்டால் எந்த வீடுதான் தாங்கும்?

பெயரும் அப்படித்தான். ‘பிளாக் பாட்டம்’ என்பது கறுப்பினத்தவரால் வந்த பெயர் அல்ல. பிரெஞ்சுக் குடியேறிகள் அந்தத் தாழ்நிலத்துக் கரிசல் மண்ணைப் பார்த்து வைத்த பெயர்.

இடிப்பு இரண்டு அலை, அவற்றைக் கலக்காதீர்கள். கிரேஷியட் திட்டம் 1946இல் அறிவித்த 129 ஏக்கர், வீடுகள் விழத் தொடங்கியது 1950இல். நிலம் பல ஆண்டு களை மண்டிக் கிடந்தது. பிறகு அதில் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்த லஃபாயட் பார்க் குடியிருப்பு எழுந்தது, 1958இல் முதல் அடுக்குமாடி. இரண்டாவது அலை விரைவுச்சாலை: 1959இல் தொடங்கிய ஐ-375, 1964இல் திறப்பு. அதனால் 1950களின் நடுவில்கூட ஹேஸ்டிங்ஸின் வடக்குப் பகுதியில் கடையும் பாட்டும் நடந்துகொண்டிருந்தன. அரேதாவின் 1956 பதிவே சாட்சி.

கடைக்காரர்கள் பெரும்பாலும் வாடகைக்கு இருந்தவர்கள். இழப்பீடு நிலத்துக்கும் கட்டடத்துக்கும்தான், அது உரிமையாளருக்குப் போனது. 20 ஆண்டு சேர்த்த வாடிக்கைக்கு விலை கிடையாது. இடம்பெயர்கிறவர்களுக்கு ஒரே சீரான உதவியைக் கட்டாயமாக்கிய கூட்டரசுச் சட்டம் 1970இல் வந்தது, ஹேஸ்டிங்ஸ் போய்ப் பல ஆண்டுக்குப் பிறகு. ஜோ வான் பேட்டில் 1960இல் 12ஆவது தெருவுக்குக் கடையை மாற்றினார். 1967 கலவரத்தில் அந்தக் கடையும், உள்ளே இருந்த தட்டுகளும் நாடாக்களும் போயின. இந்தத் தெருவின் பதிவுகள் ஏன் இவ்வளவு அரிது என்று யாராவது கேட்டால் பதில் அதுதான்: தெருவை ஒருமுறை அழித்தார்கள், அதன் ஒலியை வைத்திருந்த அலமாரி இன்னொரு முறை அழிந்தது.

ஃபாரஸ்ட் கிளப்பைப் பற்றிப் பேசும்போது 1943 ஜூனை விட்டுவிடாதீர்கள். பெல் ஐல் தீவுப் பாலத்தில் ஒரு கறுப்பினத் தாயையும் குழந்தையையும் ஆற்றில் வீசிவிட்டார்கள் என்ற பொய்ச் செய்தி அந்தக் கிளப்பின் மேடையிலிருந்துதான் அறிவிக்கப்பட்டது. அந்தக் கலவரத்தில் 34 பேர் இறந்தார்கள், 25 பேர் கறுப்பினத்தவர், அவர்களில் 17 பேரைச் சுட்டது காவல்துறை.

வேம்படி

மிக்க நன்றி. ஐ-375, ஐ-75 பிரிவை உரையில் திருத்தியாகிவிட்டது. இன்னும் இரண்டு சந்தேகம். தட்டின் கரகரப்பை எவ்வளவு எடுக்கலாம்? இந்தப் பதிவுகளை இணையத்தில் ஏற்றினால் உரிமைச் சிக்கல் வருமா?

கறுந்தட்டு

கரகரப்பு நீக்கியைத் தானியங்கியாக ஓடவிடாதீர்கள். ஹூக்கரின் கால்தட்டும், கவுன்ட் பியானோவைக் குத்துகிற தொடக்க ஒலியும் அதற்கு ‘கிளிக்’ மாதிரியேதான் தெரியும், மழுக்கிவிடும். உணர்திறனைக் குறைவாக வைத்து, நீக்கிய ஒலியை மட்டும் தனியாகக் கேட்டுப் பாருங்கள். அதில் தாளம் கேட்டால் பாட்டைத் தின்கிறது என்று பொருள். பெரிய வெடிப்புகளைக் கையால் எடுங்கள், சீரான இரைச்சலை விட்டுவிடுங்கள்.

உரிமையில் ஒலிப்பதிவு வேறு, பாட்டு வேறு. இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டு, 1948 பதிவு அதைத் தாண்டிவிட்டது. பாட்டுக்கு, எழுதியவர் இறந்து 60 ஆண்டு. ஹூக்கர் 2001இல் இறந்தார், ஆக 2061 வரை. அமெரிக்காவிலோ 2018 சட்டப்படி 1947 முதல் 1956 வரை வந்த ஒலிப்பதிவுகளுக்கு 110 ஆண்டு. நீங்கள் ஏற்றுகிற தளம் அமெரிக்கத் தளமாக இருந்தால் முழுப் பாட்டு நிற்காது. கவுன்ட்டின் தட்டை முழுதாகப் போடாமல், ஒரு பார் பெயர் வருகிற சில விநாடி, அதன்மேல் அந்த இடத்தின் விளக்கம், மறுபடி அடுத்த பெயர் என்று நறுக்கிப் போடுங்கள். விமரிசனத்துக்காக எடுத்தாள்வது என்று வாதிட அதில் இடமுண்டு.

நிலஅளவை

அப்படி நறுக்கும்போது ஒன்று கவனியுங்கள். கவுன்ட் சொல்கிற வரிசை தெருவின் வரிசையோடு எப்போதும் ஒத்துப்போகும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு பெயரையும் விவரப் புத்தகத்திலோ விளம்பரத்திலோ கதவு எண்ணோடு உறுதி செய்த பிறகே புள்ளி வையுங்கள். உறுதி ஆகாததை வெற்று வட்டமாகக் குறியுங்கள், நிரப்பிவிடாதீர்கள்.